லெட்சுமி படிக்க முடியாத எழுத்து

திரையில் வரும் தமிழ் எழுத்துகளை வரைகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் ஒரு தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள். கேமரன் மலைத் தூளாக இருந்தால் நல்லது, சொல்லப்போகிற விஷயம் அந்த மலையில்தான் நடந்தது.

திரை என்றதும் உங்களுக்குக் கையில் அடங்குகிற கண்ணாடி நினைவுக்கு வரும். என் திரை இரண்டு வெள்ளை வேட்டிகளை மூட்டிச் சேர்த்துத் தைத்தது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அதை நான்கு மூலையிலும் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவோம். எதிரே மேசை, மேசை மேல் ஸ்லைடு புரொஜெக்டர், அதற்குத் தொழிற்சாலையிலிருந்து இழுத்து வந்த வயர். கொட்டகைக்கு இரண்டு பக்கம்தான் சுவர். மற்ற இரண்டு பக்கமும் மலை. சாயந்திரம் ஆனால் பனி யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, புரொஜெக்டருக்கும் துணிக்கும் நடுவே நிற்கும்.

எழுபதுகளில் நான் ஈப்போவில் ஒரு சிறிய நிலையத்தில் இருந்தேன். தோட்டத்து மக்களுக்குப் பாட ஸ்லைடுகள் தயாரித்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவது எங்கள் வேலை. படம் போட ஒருவர், போட்டோ பிடிக்க ஒருவர், எழுத்து எழுத நான். நான் டீச்சருக்குப் படித்தவள் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு நானும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

முதன்முதலாக மேலே போனபோது தூரிகையால் எழுதிய ஸ்லைடுகளைக் கொண்டுபோயிருந்தேன். நிற்கிற கோடு தடிமன், படுக்கிற கோடு மெலிசு. கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஈப்போவில் வெள்ளைச் சுவரில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. கொட்டகையில் ஈரத்துணியில் விழுந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்:

"ஏன் டீச்சர், எழுத்தெல்லாம் ஒடஞ்சி கெடக்கு?"

அவள் சொன்னது சரி. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. சுற்றியிருக்கிற வெளிச்சம் மெல்லிய கோட்டை இரண்டு பக்கமும் தின்றுவிடும். பனி இருந்தால் இன்னும் அதிகமாகத் தின்னும். படுக்கைக் கோடு போனால் 'க' வெறும் குச்சியாக நிற்கும். புள்ளி போனால் மெய்யெழுத்தே போச்சு. அன்றைக்கு இறங்கி வந்து தூரிகையைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகு எல்லாக் கோடும் ஒரே தடிமன், புள்ளி மிளகு அளவு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் தாராளமாக இடம் என்று எழுதினேன். பார்க்க அழகாக இருக்காது. நிலையத்துக்கு வருகிறவர்கள் சின்னப்பிள்ளை எழுதியது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த 'ஒடஞ்சி கெடக்கு' என்று சொன்ன பெண்தான் லெட்சுமி. அப்போது அவளுக்குப் படிக்கத் தெரியாது, கோடு அறுந்து கிடந்தது மட்டும் கண்ணில் பட்டிருந்தது.

களைக்கு மருந்தடிக்கிற கேங்கில் இருந்தாள். நிறைந்த பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, தேயிலை நிரைகளுக்கு நடுவே சரிவில் ஏறி இறங்குகிற வேலை. அவள் புருஷன் திரிங்காப்பில் காய்கறி லோரிகளுக்கு மூட்டை தூக்கியவர். அவருடைய முதுகு ஏற்கெனவே போய், வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் படுத்திருந்தார். வீட்டில் ஒரு முதுகு போய்விட்டது, மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்புக்குப் பின்னால் இருந்தது பயம்தான்.

எங்கள் ஸ்லைடுகள் முக்கால்வாசி மருந்தைப் பற்றியவை. எந்த மருந்துக்கு எவ்வளவு தண்ணீர், காற்று எந்தப் பக்கம், கை கழுவாமல் வெற்றிலை போடக்கூடாது, இப்படி. தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கேங்குக்கும் கங்காணி திரைக்குப் பக்கத்தில் நின்று ஸ்லைடை உரக்கப் படிப்பார். எழுத்துத் தெரியாதவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஸ்லைடு படிக்கத் தெரியாதவர் மருந்துக் கேங்குக்குக் கங்காணியாக முடியாது என்பது தோட்டத்து மேனேஜரான துரையின் சட்டம். நல்ல சட்டம்தான், அதை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

அந்தக் கேங்கின் பழைய கங்காணி ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு வந்தபோது லெட்சுமி என்னிடம் வந்தாள். எழுத்துக் கற்றுக்கொடுங்கள் என்றாள். கங்காணி ஆனால் பம்பு தூக்க வேண்டாம், அவ்வளவுதான் அவள் கணக்கு. பொம்பளை கங்காணியா என்று லயத்தில் சிலர் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆனால் அவளைப் பார்த்து இன்னும் சில பெண்களும் வந்தார்கள். நான் மேலே போகிற சனிக்கிழமைகளில், மருந்து ஸ்லைடு முடிந்ததும், அதே துணியில் அ, ஆ போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதினார்கள். எழுதும்போது ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு அவர்கள் அடித்த கூத்து தனிக்கதை.

லெட்சுமி வேகமாகப் பிடித்தாள். ஒரு வருஷம் போல ஆனபோது என் ஸ்லைடுகளைத் தடுமாறாமல் படித்தாள். ரிங்லெட் கடையில் கருவாடு மடித்துக் கொடுத்த தமிழ்ப் பேப்பரை வீட்டில் நீவி வைத்துப் படிப்பதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை. மறுமுறை அந்தத் தாளையே கொண்டுவந்து, எண்ணெய்க் கறைக்கு நடுவே இருந்த சினிமா விளம்பரத்தைப் படித்துக் காட்டினாள். தாளில் கருவாட்டு வாசம் வேறு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்தச் சமயத்தில் எங்கள் நிலையம் கையெழுத்தை விட்டுவிட்டு அச்செழுத்துக்கு மாறியது. கோலாலம்பூரில் எழுத்துக் கோத்து, தாளில் அடித்து, அதைப் போட்டோ பிடித்து ஸ்லைடாக்கி அனுப்பினார்கள். பேப்பரின் தலைப்புச் செய்திகளில் வருகிற எழுத்து. தடிமனும் மெலிசுமாக, நெருக்கி நெருக்கி, பட்டுப் புடவை மடித்து வைத்தது போல இருக்கும். இனி எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே எழுத்து என்றார்கள். மெல்லிய கோடு துணியில் நிற்காது என்று நான் சொன்னேன். பழையதை விட மனசில்லை இவளுக்கு என்று பேசிக்கொண்டார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் என்னால் அழுத்திச் சொல்ல முடியவில்லை.

கங்காணி வேலைக்கு ஆள் பார்க்கிற சாயந்திரம் வந்தது. இரண்டு பேர். ஒன்று லெட்சுமி. மற்றது செகண்டரி வரை படித்த ஒரு இளைஞன், நல்ல பையன், அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு பேரும் முன்னால் பார்க்காத ஸ்லைடுகளை, துரையும் கேங்கு முழுக்கவும் உட்கார்ந்திருக்க, உரக்கப் படிக்க வேண்டும். என்னிடம் இரண்டு பெட்டி இருந்தது. ஒன்றில் கோலாலம்பூரிலிருந்து வந்த புது ஸ்லைடுகள். இன்னொன்றில் அதே வாசகத்தை நான் என் கையால் எழுதிப் போட்டோ பிடித்தவை. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்தேன்.

வயர் மாட்டிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் கிராணி வந்து நின்றார். தோட்டத்தின் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர், கொஞ்சம் நாக்கு நீளம்.

"டீச்சர் எழுத்தா, அச்சு எழுத்தா? டீச்சர் எழுத்துன்னா என் வீட்டுப் பூனகூட படிச்சிரும் லா" என்றார்.

பின்னாலிருந்து லெட்சுமி வந்தாள். குளித்து, நல்ல புடவை கட்டி, மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். கிராணி சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

"டீச்சர், புதுசையே போடுங்க."

"எதுக்கு லெட்சுமி? ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா புதுசப் போடுங்க. ஒங்க எழுத்துல படிச்சா, டீச்சர் தூக்கிவிட்டுத்தான் இவ கங்காணி ஆனான்னு சாவுற வரைக்கும் சொல்லுவாங்க. பேப்பர்ல வர்ற எழுத்துத்தானே? அது நான் படிப்பேன்."

நான் புது ஸ்லைடு ஒன்றைப் போட்டுவிட்டு, கொட்டகையின் கடைசி வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் படிக்க முடிந்தது. சரி, போடலாம் என்றேன்.

முதலில் அந்த இளைஞன் படித்தான். இரண்டு இடத்தில் தயங்கினாலும் ஓட்டிவிட்டான். அதற்குள் பனி இறங்கிவிட்டது. லெட்சுமி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதல் ஸ்லைடில் ஒரே ஒரு வரி, பெரிய எழுத்து. படித்தாள். இரண்டாவதில் மூன்று வரி. முதல் சொல்லைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, துணிக்கு இன்னும் ஒரு அடி கிட்டே போனாள். ஈரத்துணிக்குக் கிட்டே போகப் போக நூல்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை, சும்மா வந்த சிரிப்பு. ஆனால் அவள் முகம் மாறிவிட்டது. உதடு எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை.

என் கை இன்னொரு பெட்டியின் மூடியில் இருந்தது. ஒரு நிமிஷம், பனி கலையட்டும் என்று சொல்லி, ஸ்லைடை மாற்றியிருக்கலாம். மாற்றினால் கிராணி சொன்னது நிஜமாகிவிடும். இவளே என்னிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இப்படி ஒன்று, அப்படி ஒன்று என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே துரை எழுந்தார்.

"போதும் லெட்சுமி. பரவால்ல, ஒக்காரு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பெரட்டுக்கு முன்னால் லயத்துக்குப் போனேன். பெரட்டு என்றால் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற கூட்டம், அதற்கு அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் பையில் அந்த ஸ்லைடுகளின் அச்சுத்தாள் இருந்தது. அதே எழுத்து, அதே வாசகம், தாளில் கறுப்பு மையில். எடுத்து நீட்டினேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கடைசிவரை படித்தாள். ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. படித்து முடித்துத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதானா டீச்சர் நேத்து போட்டது?"

"இதேதான்."

"அப்ப எனக்குத் தெரியுது."

"தெரியுது லெட்சுமி."

அந்தத் தாளோடு துரையிடம் ஓடினேன். அவர் நம்மூர்க்காரர்தான், வெள்ளைக்காரர் போனபிறகு வந்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், நான் ஸ்கிரீன்ல படிச்சேன். கிராணி படிச்சாரு. அந்தப் பையன் படிச்சான். நீங்களும் பின்னால போய் நின்னு படிச்சீங்க, பாத்தேன். அப்புறம் ஸ்லைடுல என்ன கொற?"

நான் தாளை அவர் முன்னால் விரித்து வைத்தேன்.

"கங்காணிக்கு ஸ்கிரீன்ல படிக்கிறதுதான் வேல. பேப்பர்ல படிச்சு நான் என்ன பண்றது? அதோட நேத்தே பேர் சொல்லியாச்சு. இப்ப மாத்தினா நாளைக்கி யாரும் என் பேச்சக் கேக்க மாட்டாங்க."

ஸ்லைடில் என்ன குறை என்பதற்குப் பதில் எனக்கு நிலையத்து வண்டியில் ரிங்லெட் தாண்டி இறங்கும்போதுதான் வந்தது. எப்போதும் அப்படித்தான், சண்டை முடிந்தபிறகு. நாங்கள் யாரும் அந்தத் திரையில் படிக்கவில்லை. இருபது முப்பது வருஷமாகப் படித்துப் படித்து, பாதி எழுத்துத் தெரிந்தாலே மீதியை நம் மனசு போட்டுக்கொள்கிறது. தெரிந்த முகத்தைத் தூரத்திலேயே அடையாளம் காண்கிற மாதிரி சொல்லை அடையாளம் கண்டோம். லெட்சுமி நேற்றுக் கற்றுக்கொண்டவள். அவளுக்கு ஒவ்வொரு கோடும் வேண்டும், ஒவ்வொரு புள்ளியும் வேண்டும். தாளில் எல்லாம் இருந்தது. துணியில் மெல்லியதெல்லாம் வெளிச்சத்தில் கரைந்துபோயிருந்தது. அவள் இல்லாத கோட்டைத் தேடிக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லாரும் அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினோம்.

அடுத்த முறை போனபோது இதைத் துரையிடம் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். மனசார ஒத்துக்கொண்டுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு கங்காணி வேலை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை காலியாகும்?

அன்றைக்குப் பெஞ்சு காலியாக இருந்தது. அவளுக்கே வரவில்லை என்றால் நமக்கு எங்கே வரப்போகிறது என்று மற்ற பெண்கள் நின்றுவிட்டார்கள். நான் லயத்துக்குப் போய் லெட்சுமியைக் கூப்பிட்டேன். தாளில் படித்துக் காட்டினாயே, அது பொய்யில்லையே என்றேன்.

"பொய் இல்ல டீச்சர். ஆனா அது ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும். சிரிச்சது கேங்கு முழுக்கக் கேட்டுச்சே" என்றாள்.

தேநீர் கொடுத்தாள். படிப்பைப் பற்றி மேலே பேசவிடவில்லை. பம்பு அவள் முதுகிலேயே இருந்தது.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், எண்பதுகளின் கடைசியில் எங்கள் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பச்சைத் திரையில் புள்ளி புள்ளியாகத் தமிழ். 'ண'வின் சுழியெல்லாம் அடைத்துக் கிடந்தது, துணைக்காலும் ரகரமும் அண்ணன் தம்பி போல இருந்தன. கொண்டுவந்த தம்பி பெருமையாக, "படிக்க முடியுதுல்ல அக்கா?" என்று கேட்டார். முடிந்தது. முடிந்ததால்தான் எனக்குப் பயமாக இருந்தது. போன மாதம் எழுத்துக் கற்ற ஒருவரைக் கூட்டி வாருங்கள், அவர் சொல்லட்டும் என்றேன். இந்த அம்மாவுக்கு எதிலும் குற்றம் காண்பதே வேலை என்று சிரித்தார்கள். நீங்களும் இப்போது சிரிக்கலாம், எனக்குக் கவலையில்லை.

உங்கள் எழுத்தை உங்கள் நண்பரிடம் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அவர் படித்தவர், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். விளக்கைப் போட்ட அறையில் விலை உயர்ந்த திரையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கீறல் விழுந்த மலிவுத் திரையில், வெயிலில் நின்று, எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருவர் கையில் கொடுங்கள். அவர் திணறினால் குறை எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திணறுகிறவர் ஒருநாளும் எழுத்தைக் குறை சொல்லமாட்டார். தன்னைத்தான் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார், போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

லெட்சுமியைக் கடைசியாகப் பார்த்தது அந்தக் கம்ப்யூட்டர் வந்த சமயத்தில்தான். வேறு வேலையாகத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அதே கொட்டகையில் ஆட்களுக்கு மாதத் தேயிலைத் தூள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஒரு தோள் இறங்கி, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள்தான் என்னைக் கண்டு கூப்பிட்டாள்.

"இன்னும் அதே எழுத்துத்தானா டீச்சர்? மொளகு மாதிரி புள்ளி வெச்சு?"

"அதேதான் லெட்சுமி."

"நல்ல எழுத்து அது" என்றாள்.

அவள் முறை வந்தது. மேசையில் இருந்தவர் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். பேனா ஒரு பக்கம், மை அட்டை ஒரு பக்கம். அவள் பெருவிரலை மையில் ஒற்றி, புத்தகத்தில் அழுத்தினாள். சிலேட்டில் அவள் தன் பெயரை எழுதி எழுதி அழித்ததை நான் எத்தனை சனிக்கிழமை பார்த்திருக்கிறேன்.

"ஒனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே, லெட்சுமி."

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் என்ன?"

விரலைக் கம்பளிச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பேனாவ எடுத்தா பின்னால இருக்கறவங்க எட்டிப் பாப்பாங்க லா. இதுன்னா யாரும் பாக்க மாட்டாங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவள் நகர்ந்தாள். யாரும் பார்க்கவில்லை.